ஸ்டெல்லாவின் பதிலில் ஓர் ‘ஆனால்’

“நோட்டீஸ் அனுப்புங்க மேடம், இன்னைக்கே” என்றபடி எம்.டி. என் அறைக்குள் வந்தார். பெங்களூரு பொம்மசந்திராவில் பிளாஸ்டிக் பொருள் வார்க்கும் அச்சுகளான மோல்டுகளைச் செய்யும் கம்பெனி அது. நான் அங்கே சட்ட அலுவலர்.

கோபத்துக்குக் காரணம் ஸ்டெல்லா. டிசைன் பிரிவின் மூத்த ஆள். எந்த மோல்டு எங்கே விரிசல் விடும் என்பதைப் படம் போடும்போதே சொல்லிவிடுவாள். அவள் ராஜினாமா கொடுத்துவிட்டு நகருக்குள் ஆடுகோடியில் சொந்தமாக டிசைன் யூனிட் தொடங்கப் போகிறாள்.

எம்.டி. கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் ‘ரீ’ என்ற கன்னட விளி சேர்ந்துகொள்ளும்.

“அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல என்ன ரீ இருக்கு? வேலைய விட்டப்புறம் ரெண்டு வருஷம் இதே தொழில் பண்ணக் கூடாது. அவளே கையெழுத்துப் போட்டிருக்கா.”

“போட்டிருக்காங்க சார். ஆனா அந்த கண்டிஷன் கோர்ட்ல நிக்காது.”

கையெழுத்து விழுந்தாலே எல்லாம் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். இருவர் சம்மதித்தால் அது உடன்பாடு. சட்டம் அதை நிறைவேற்றித் தரும் என்றால்தான் ஒப்பந்தம். வேலையில் இருக்கும்வரை வேறெங்கும் வேலை பார்க்காதே எனலாம். விலகிய பிறகு தெரிந்த தொழிலையே செய்யாதே என்று ஒருவரைக் கட்டிப்போட நம் ஒப்பந்தச் சட்டம் விடாது. கம்பெனி டிராயிங்குகளை வெளியே கொடுக்கக் கூடாது என்ற ரகசிய ஷரத்து வேறு. அது செல்லும். இதையெல்லாம் அவரிடம் விளக்கினேன்.

“நீங்க யார் பக்கம் ரீ?”

“உங்க பக்கம்தான் சார். அதான் தோக்கிற கேஸ் வேணாம்ங்கறேன்.”

அவர் போய்விட்டார். என் வேலைக்கே ஆபத்தோ என்று அன்று முழுவதும் எனக்குக் கலக்கமாக இருந்தது.

மாலையில் ஸ்டெல்லா வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. “மேடம், கேஸ் வருமா? நான் ராஜினாமாவ வாபஸ் வாங்கிடட்டுமா?”

கேஸ் நிற்காது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் நான் கம்பெனியின் ஆள். “உனக்கு நான் ஆலோசனை சொல்லக் கூடாதும்மா. வெளிய ஒரு நல்ல வக்கீலப் பாரு. எதையும் வாபஸ் வாங்கறதுக்கு முன்னாடி பாரு” என்றேன். அவள் ஒரு வக்கீலைப் பார்த்தாள். ராஜினாமாவைத் திரும்பப் பெறவில்லை.

நோட்டீஸ் போகவில்லை. அவள் போன பிறகு புதிய மோல்டு ஒன்று சோதனையிலேயே விரிசல் விட்டது. இரண்டாம் முறையும் விரிசல் விட்டதும் எம்.டி. தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அவ யூனிட்டுக்கே வேலை குடுத்தா என்ன?”

எங்களுக்கு மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையுடன் முன்மொழிவை மின்னஞ்சலில் அனுப்பினோம். ‘சம்மதம். ஆனால் மற்ற கம்பெனிகளின் வேலையும் எடுப்பேன்’ என்று பதில் வந்தது.

“சம்மதம்னுட்டாளே! ஆச்சு, விடுங்க” என்றார்.

“ஆகல சார். நாம சொன்னத அப்படியே ஒத்துக்கிட்டாத்தான் ஏற்பு. ‘ஆனா’ன்னு சேர்த்துட்டா அது எதிர் முன்மொழிவு. நம்ம முன்மொழிவு அதோட ரத்தாயிடுச்சு. இப்ப சரின்னோ வேணாம்னோ சொல்ல வேண்டியது நீங்க.”

அவர் போனை எடுத்து ஸ்பீக்கரில் அவளை அழைத்தார்.

“ஸ்டெல்லா, மத்தவங்க வேலையும் எடுத்துக்கோம்மா. நம்ம டிராயிங் மட்டும் வெளிய போகக் கூடாது.”

“போகாது சார். எழுதிக் குடுக்கறேன். எழுதாட்டியும் போகாது.”

எம்.டி. சிரித்துவிட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு பார்த்த சிரிப்பு.

கையெழுத்துப் போட வந்தபோது ஸ்டெல்லா பழக்கத்தில் அவர் மேஜை முன் நின்றாள். “உட்காரும்மா, இப்ப நீ வேலைக்காரி இல்ல, பார்ட்டி” என்றார் அவர். சட்டத்தில் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு தரப்பையும் அப்படித்தான் சொல்வோம். அவள் உட்கார்ந்து, ஒவ்வொரு ஷரத்தையும் நிதானமாகப் படித்தாள். எம்.டி. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இளம் வக்கீல்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதிரில் இருப்பவர் வேண்டாம் என்று சொல்லவும் இடம் கொடுத்து ஒப்பந்தம் எழுதுங்கள். அப்போதுதான் அவர் சொல்லும் ‘சரி’யை நம்பலாம்.