இரவல் தண்டை

அந்த வெள்ளித் தண்டை என்னுடையது. அதனால் இந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான். மீதிப் பாதியை யார் மேல் போடுவது என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெளியவில்லை.

மலாயாவில் டுரியான் துங்காலுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்போது நான் ஆயாக் கொட்டகை பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மார் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனதும் அவர்கள் பிள்ளைகளை ஏணையில் போட்டு ஆட்டுவது என் வேலை. ரப்பர் விலை விழுந்ததும் துரை முதலில் வேலையிலிருந்து நிறுத்தியது பெண்களைத்தான். எதிர் லயத்தில் பிள்ளை பெற்று நாலு மாதமான ஒருத்திக்கும் வேலை போயிற்று. அவள் புருஷனுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. மரவள்ளியும் கஞ்சித் தண்ணீரும் தின்ற உடம்பில் பால் எங்கிருந்து ஊறும்? வற்றிப்போயிற்று. அவளுடைய பெண் குழந்தை வடிகஞ்சியைச் சப்பிச் சப்பி, அழத் தெம்பில்லாமல் கிடந்தது.

டவுனில் ஒரு கடைவீட்டில் புதன்கிழமைதோறும் மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, வந்து கைக்குழந்தைகளை நிறுத்துப் பார்க்கிறாள், கஷ்டப்பட்டவர்களுக்குப் பால் டின் கொடுக்கிறாள் என்று சேதி வந்தது. லயமே கூடிவிட்டது. "நாலு பேர் பாக்குற எடத்துக்குப் புள்ளைய மொட்டையாவா தூக்கிட்டுப் போறது?" என்று ஆரம்பித்தவள் நான்தான். ஒருத்தி கவுன் கொடுத்தாள், ஒருத்தி பவுடர் கொடுத்தாள். நான் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்த என் மகளின் தண்டையை எடுத்து வந்தேன்.

"வேணாங்க்கா. நாம பால் கேட்டுல்ல போறோம்" என்றாள் அவள்.

"கேட்டா என்ன, பிச்சைக்காரியா நீ? சும்மா கெட புள்ள."

அதட்டிவிட்டு நானே மாட்டினேன். குச்சிக் கால். கழன்று விழாமல் இருக்கத் தண்டைக்குள் நூல் சுற்றினேன். எவ்வளவு பெரிய புத்திசாலி நான்!

மலாய்க்காரர் கம்போங் வழியாக நடந்தே போனோம். மிஸ்ஸியும் தமிழச்சிதான். குழந்தையைத் தராசில்கூடப் போடவில்லை, காலைப் பார்த்தாள்.

"வெள்ளி போட்ட புள்ளைக்கு எதுக்கும்மா இனாம் பாலு? இத வித்து வாங்கிக் குடு."

"இரவலுங்க மிஸ்ஸி" என்றாள் தாய்.

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. இல்லாதவங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லி உத்தரவு. அடுத்த ஆளு வா."

நான் சுற்றிய நூல் அவள் கண்ணில் படவில்லை, வெள்ளி மட்டும் பட்டது. வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளைக்கு அக்கம்பக்கமே நகை போட்டு அனுப்பும் என்பது தமிழ் வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியாதா? வாயை அடக்கமாட்டாமல் கத்தினேன். கத்தியதற்கு எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார்கள்.

வரும் வழியில் அவள் என்னை நாலு வார்த்தை திட்டவாவது செய்வாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். ரோட்டோரத்தில் உட்கார்ந்து, நூலைப் பிரித்து, தண்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

குழந்தை அந்த ஏழு நாளைத் தாண்டுமா என்று பயந்துகொண்டே இருந்தேன். அடுத்த புதன்கிழமை காலையில் அவளே வந்து கூப்பிட்டாள். தலையில் எண்ணெய் இல்லை. குழந்தைக்குப் பொட்டு இல்லை, பவுடர் இல்லை, ஒரு கந்தல் மட்டும். அதை விலக்கிப் பார்த்தேன். இடுப்பில் அரைஞாண் கயிறும் இல்லை. அதில் ஒரு சின்ன வெள்ளித் தாயத்து கோத்திருந்தது. அதைப் பார்த்தும் மிஸ்ஸி துரத்திவிடுவாள் என்று பயந்து அறுத்திருக்கிறாள். கட்டின கயிற்றை எங்கள் பக்கத்தில் செத்தால்தான் அறுப்பார்கள்.

மிஸ்ஸி இந்த முறை நிறுத்துப் பார்த்தாள். உச்சுக்கொட்டினாள். இரண்டு டின் எடுத்துக் கொடுத்தாள்.

"இப்படி வந்திருந்தா போன வாரமே குடுத்திருப்பேனேம்மா" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்பைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட மறந்திருப்பேன். பால் வேண்டுமென்றால் பிள்ளையைப் பிணம்போல் தூக்கி வா என்று ஒருத்தி தலையைத் தடவிச் சொல்கிறாள், நாங்கள் கும்பிட்டுவிட்டு வருகிறோம்!

கொட்டகையில் வெந்நீர் வைத்து நான் பாலைக் கரைத்தேன். வாசனை பட்டதும் குழந்தை வீறிட்டது. அத்தனை நாளில் முதல் அழுகை. சங்கை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, அறுந்த கயிற்றை எடுத்தாள்.

"மொதல்ல பாலக் குடுடி! கயிறு எங்க ஓடிப்போவுது?" என்று கத்தினேன்.

காதில் வாங்காமல், குழந்தையின் இடுப்பைச் சுற்றி இரண்டு நுனியையும் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"செத்த புள்ளையாட்டம் காட்டித்தானே வாங்கியாந்தேன். உசுரோட இருக்குன்னு மொதல்ல கட்டிடுறேங்க்கா. அப்புறம் குடிக்கட்டும்."