பெட்டிக்குத்தான் பதக்கம்

பாடாங் செராயில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு தங்கப் பதக்கம் தொங்குகிறது. தங்கம் என்பது பெயருக்குத்தான். பல்கலைக்கழகத்தின் புத்தாக்கப் போட்டிக்கு வந்த எல்லாருக்கும் தங்கம். தாமதமாக வந்தவர்களுக்கு வெள்ளி. கணிதத் துறையும் ஏதாவது பொருளைக் காட்டியே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார் என் சூப்பர்வைசர். மூன்று வருஷமாய் நான் மண்டையை உடைத்துக்கொண்டதோ ஒரே ஒரு தேற்றத்துக்காக. அதை என்னத்தைக் காட்டுவது? தாளில் அச்சடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். நடுவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு பேட்டரி வேணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். 'மின்சாரச் சிக்கனம்' என்று எழுதி மார்க் போட்டார்.

சேதி கோயில் கமிட்டிக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொன்னாடை. என் படம் போட்டு பேனர் வேறு. மறுநாள் தீசிஸைக் கொடுத்துவிட்டால் துறையிலேயே விரிவுரையாளர் வேலை.

வியாழக்கிழமை கடைசியாக ஒருமுறை புரட்டினேன். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரியை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். பூஜ்ஜியமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுத்துத் தொலைத்திருக்கிறேன்! அந்த ஒரு வரி மேல்தான் மொத்தத் தேற்றமும் உட்கார்ந்திருந்தது. சூப்பர்வைசரிடம் ஓடினேன். அவர் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை.

"அட, பரவால்ல லா. நாப்பதாம் பக்கம் வரைக்கும் யார் படிக்கப் போறா?"

அவரே படித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எரிச்சலில் அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லி அழுதேன். அவளுக்குக் கையுறை செய்யும் கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், வேலை. கிளவ்ஸில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்ப்பாள்.

"ஒரு ஓட்டைக்கா இந்த அழுவ அழுவுற? நாங்களே லாட்டுக்கு ஒண்ணு ரெண்டு ஓட்டைய விட்டுருவோம்."

"கணக்குல ஒண்ணுகூட விடமுடியாதுக்கா."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அப்ப உங்க டிபார்ட்மெண்ட்ல தண்ணி ஊத்திப் பாக்குறது யாரு?"



பொன்னாடையைப் போட்டுக்கொண்டேன், பேனர் அடித்துத் தொலைத்துவிட்டார்களே. திங்கட்கிழமை தீசிஸைக் கொடுக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போனது. வயிறு எரிந்ததுதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

துறை வாசலில் வைத்திருந்த என் பெட்டியையாவது எடுத்துப் போகிறேன் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். பதறிவிட்டார்.

"தாள எடுத்துக்கம்மா. பெட்டிய விட்டுடு. பதக்கம் பெட்டிக்குத்தானே!"

தாளை எடுத்துக்கொண்டேன். பெட்டி இன்னும் வாசலில் காலியாக இருக்கிறது. வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.