அஸ்வதி கேட்ட விலங்கு

குலசேகரத்துக்கு மேற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினோரு வருடமாகப் பால்வெட்டுகிறவள் அஸ்வதி. வயது முப்பத்தாறு. பட்டையை எவ்வளவு சீவினால் பால் இறங்கும், எங்கே நிறுத்தாவிட்டால் மரம் புண்ணாகும் என்பதெல்லாம் அவள் வலது கைப் பெருவிரலுக்கு அத்துபடி. அந்தப் பெருவிரல்தான் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் உணர்வில்லாமல் போயிற்று.

அவளுக்கும் புருஷன் ராஜகுமாருக்கும் இடையில் ஒரு விளையாட்டு இருந்தது. கதவைச் சாத்தியபின் அவன் அவள் கைகளைக் கட்டுவான். அதை முதலில் வாய்விட்டுக் கேட்டவள் அவள்தான். பழைய சேலைத் துணியில் தொடங்கியது, இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. இரும்புக் கைவிலங்கின் குளிர்ச்சியும் கனமும் வேண்டும் என்று ஆசைப்பட்டதும் அவளே. சும்மா ஆசைப்படவில்லை. செல்போனில் தேடி வாசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"சாவி ரெண்டு வேணும். பூட்டின பொறவு மேல மேல இறுகாத பூட்டா பாத்து வாங்குங்கோ. விளிம்பு கூரா இருக்கப்பிடாது. நான் கட்டுல கிடக்கும்போ நீங்க முறிக் கதவத் தாண்டி வெளிய போவவே பிடாது."

ராஜகுமார் டெம்போ ஓட்டுகிறவன். நல்லவன்தான், ஆனால் எதிலும் அவசரம். இருப்பதிலேயே விலை குறைந்ததை வரவழைத்தான். தகரம் போன்ற மெல்லிய வளையம், பல் பல்லாக இறுகும் பூட்டு, ஒரே ஒரு சாவி. அவள் முகம் சுளித்தபோது, "எல்லாம் ஒண்ணுதாண்டி" என்றான். அவளும் விட்டுவிட்டாள். அதற்காகத் தன்மேலேயே அவளுக்குப் பிற்பாடு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கட்டில் கம்பியைச் சுற்றிச் சங்கிலி போனது, இரண்டு மணிக்கட்டிலும் வளையம். அவள் ஒருக்களித்துப் படுத்தபோது உடம்பின் பாரம் வலது கையில் விழுந்து, வளையம் கிடுகிடுவென்று மூன்று பல் இறுகியது. நிறுத்தச் சொல்வதற்கு அவர்கள் பேசி வைத்திருந்த சொல் 'சிரட்டை'. அவள் சொன்னாள். அவன் அந்த நொடியே நிறுத்தினான், அதில் குறை சொல்ல முடியாது. சாவியைப் போட்டுத் திருப்பினான். அது பாதி உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது.

"இப்பம் வாறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கில் பறந்தான்.

ஐம்பது நிமிடம். தனியாக, கதவு வெளியே பூட்டியபடி. அழுதுகொண்டல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பெருவிரலிலும் புறங்கையிலும் முதலில் எரிச்சல், பிறகு ஊசி குத்தல், பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவன் ஒரு ரம்பத்தோடு வந்து சங்கிலியை அறுத்தான்.

"இம்புட்டு நேரம் எங்க போனீங்க?"

"கடையில என்னத்துக்குன்னு கேட்டா என்ன சொல்லுகது... ரெண்டு கடை வாசல்வரை போயிட்டுத் திரும்பி, மூணாவதுலதான் வாங்கினேன்."

"வீட்டுல தீ புடிச்சிருந்தா? ஒங்க வெக்கம் பெருசா, என் கை பெருசா?"

இடது வளையத்தை எப்படியோ நெம்பி எடுத்தார்கள். வலது அசையவில்லை. அவள் துவர்த்துத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, பூட்டு ரிப்பேர் செய்யும் குமாரதாஸின் கடைக்கு அவனையே ஓட்டச் சொன்னாள். குமாரதாஸ் மெல்லிய தகட்டை வளையத்தின் பல்லுக்குள் செருகி அரை நிமிடத்தில் திறந்தார். பிறகு ராஜகுமாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, சொந்தப் பிள்ளையிடம் பேசுவதுபோல் அவளிடம் கேட்டார்: "மக்களே, இவன் ஒன்னக் கட்டிப் போட்டு அடிச்சானா? பயப்படாத சொல்லு. நான் ஸ்டேஷனுக்குக் கூட வாறேன்."

புருஷன்மேல் கொதித்துக்கொண்டிருந்தவள், அவனுக்காகப் பேச வேண்டி வந்தது. அது அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

"அடிக்கல்ல அண்ணா. நான் கேட்டுத்தான் போட்டாரு. விட்டுட்டுப் போனதுதான் தப்பு."

குமாரதாஸ் வளையத்தைத் திருப்பிப் பார்த்து, "இந்தப் பூட்டு ஆட்டுக்குட்டிக்கும் ஆவாது" என்று குப்பையில் எறியப் போனார். அவள் வாங்கிக்கொண்டாள்.

எலும்பின்மேல் அழுந்தி நரம்பு நசுங்கியிருக்கிறது, சரியாக வாரக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். கத்தியை அழுத்தினால் கரண்டு அடித்ததுபோல் சுண்டியது. முதல் வாரமே நான்கு மரத்தில் பட்டை தாண்டிக் காயம் விழுந்தது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கத்தினான். அவள் வீட்டுக்கு வந்து சோற்றுப் பானையை ஓசைபட வைத்தாள்.

"நான் வேணும்னா ஒனக்காக வெட்டட்டா?" என்றான் ராஜகுமார்.

"என் மரத்தத் தொட்டா தெரியும்."

ஏழாவது வாரம் விரலில் உணர்வு திரும்பியது. கோபம் போகவில்லை. ஆசையும் போகவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். ஒருத்தனுடைய அவசரத்துக்காகத் தனக்குப் பிடித்ததை ஏன் விட வேண்டும்? இந்தமுறை அவளே தேடினாள். நூலால் மணிக்கட்டை அளந்தாள். பல் வைத்து இறுகும் ரகம் வேண்டாம் என்று, ஒரே அளவில் நிற்கிற, அகலமான, விளிம்பு உருட்டிய எஃகு வளையம் வாங்கினாள். போட்டால் சுண்டுவிரல் உள்ளே போக வேண்டும். வந்ததும் கையில் மாட்டாமலே கூட வந்த இரண்டு சாவியாலும் இருபது தடவை பூட்டித் திறந்தாள். கம்பி வெட்டுகிற பெரிய கத்திரி ஒன்றும் வாங்கி, பழைய வளையத்தின் மேலேயே வெட்டிப் பார்த்தாள். நறுக்கென்று இரண்டாயிற்று. அன்றுதான் வெகுநாளைக்குப் பிறகு அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஒரு சாயங்காலம் ராஜகுமாரைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள்.

"முதல்ல ஒங்களுக்குப் போடுகேன். சம்மதமா?"

அவன் வளையத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "சம்மதம்."

பூட்டினாள். கம்பியில் கட்டவில்லை, கை மடியில்தான் இருந்தது. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். போன் அடித்தது, எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு சபிதா வாசலில் நின்று கூப்பிட்டாள், "பொறவு வாடி" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். சிறிது நேரத்துக்கொருமுறை, "விரல அசைங்கோ. குளிருதா? மரத்துப் போவுதா?" என்று கேட்டு, நகத்தை அழுத்திச் சிவப்பு திரும்புகிறதா என்று பார்த்தாள்.

"அம்பது நிமிஷம் இப்பிடி ஆளில்லாம கெடந்தேன்" என்றாள்.

அவன் தலை குனிந்தது. "தப்புதாண்டி. இனி வெக்கத்தப் பாக்க மாட்டேன்."

"எனக்கு இன்னும் கோவம் போவல்ல."

"தெரியும்."

அவள் எழுந்து வளையத்தைத் திறந்து, அவன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கோடுகூட விழவில்லை.