வராதவனின் பங்கு

சென்ற சனிக்கிழமை ஒஸ்லோவில், குரோருட் நிலையத்தில் நிலக்கீழ் ரயில் ஏறியபோது எதிரே ஒருவர் வந்து அமர்ந்தார். முதுகுப்பை, பச்சைக் காற்சட்டை, துப்பாக்கி உறை, காலடியில் நனைந்த நாய். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். எனக்கோ அந்த வாசனை நேரே நெஞ்சுக்குள் போய்விட்டது. ஈரப்பாசி, விறகுப்புகை, நாய் மயிர், எல்லாவற்றுக்கும் அடியில் கழுவியும் போகாத கொஞ்ச இரத்தம். ஆவணி மாதம், மலையிலிருந்து இறங்கி வருகிறார் என்று தெரிந்தது. கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்று தலையாட்டினார். வாழ்த்துச் சொல்வதுதான் இந்த நாட்டு மரியாதை. நானோ எழுந்து கதவருகே போனேன். இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிலையம் முன்னதாகவே இறங்கி நடந்தேன்.

நீங்கள் சிரிப்பீர்கள். முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, இரண்டு மாடி ஏறினால் இளைக்கிற இந்த ஆள் ஒரு காலத்தில் துப்பாக்கியும் கையுமாக மலையேறியவன் என்று சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. நம்பவைக்க நானும் மெனக்கெடுவதில்லை. அந்தக் கதையில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள். ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் எனக்கும் தவத்துக்கும் வேலை. நான் திருகோணமலை, அவன் மட்டக்களப்பில் படுவான்கரை. வடகோடியில், பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டிய காலத்திலேயே ஒரே அறையில் கிடந்தவர்கள். விறைத்த மீனைத் தொட்டுத் தொட்டு விரல் மரத்துப்போய் ஒஸ்லோவுக்கு இறங்கி வந்த தவம், முதல்நாள் இயந்திரத்திலிருந்து சுடச்சுட வந்த படுக்கை விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான். மேற்பார்வையாளர் பார்த்து, இவனுக்குச் சுகமில்லையோ என்று என்னிடம் கேட்டார். சுகமாக இருப்பதுதான் பிரச்சினை என்று சொல்ல எனக்கு அப்போது நோர்வேஜிய மொழி போதவில்லை.

அங்கே இயந்திரம் திருத்துகிறவர் ஆர்னே. நெடிய மனிதர், ஒரு நாளைக்கு நாலு வசனம் பேசினால் அதிகம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கத்தியால் சீவி ஆளுக்கொரு துண்டு காய்ந்த இறைச்சி தந்தார். ரெய்ன் என்று இவர்கள் சொல்லும் மலைமானின் இறைச்சி. தவம் அதை மென்றான், மென்றுகொண்டே இருந்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் ஊரில் மான் வத்தலைத் தேனுக்குள் போட்டு வைப்பார்கள் என்று உடைந்த நோர்வேஜியத்தில் ஆர்னேயிடம் விளக்கினான். ஆர்னே வெகுநேரம் யோசித்துவிட்டு, தேன் நல்ல யோசனை என்றார். எங்கள் வேட்டைக்குழு பிறந்தது இப்படித்தான்.

வேட்டைக்காரன் ஆவதற்கு இங்கே பரீட்சை உண்டு. மாலை நேரங்களில் பள்ளிக்கூட வாங்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பறவைகளின் பெயரெல்லாம் பாடமாக்கினோம். நான் இரண்டாம் தடவை சித்தியடைந்தேன். தவம் முதல் தடவையே. துப்பாக்கி அனுமதிக்குப் போனபோது, முன்பு ஆயுதம் பிடித்த அனுபவம் உண்டா என்று பொலிஸ் கேட்டதாம். "என்னை நோக்கிப் பிடிச்சிருக்கிறாங்க. நான் பிடிக்கல்ல," என்று தவம் சொல்லியிருக்கிறான். அதையும் அந்த அதிகாரி எழுதிக்கொண்டாராம். துப்பாக்கியை வைக்க வீட்டுச் சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டி வேண்டும் என்பது சட்டம். என் வீட்டுக்கு வந்த தமிழர்கள் அதைப் பார்த்து, இவன் சீட்டுப்பிடித்துப் பெரிய ஆளாகிவிட்டான் என்று ஊரெல்லாம் கதைத்தார்கள்.

ஆனால் துப்பாக்கி இருந்தால் மான் கிடைத்துவிடாது. பொது மலையில் இந்த வருடம் இத்தனை மான்தான் சுடலாம் என்று கணக்குண்டு. கேட்பவர்கள் அதைவிடப் பலமடங்கு. ஆகவே பங்குனியில் குழுவாக விண்ணப்பிக்க வேண்டும், பிறகு குலுக்கல். விண்ணப்பத்தின் தலையில் குழுத்தலைவரின் பெயர். விழுந்தால் அனுமதி அந்தப் பெயருக்குத்தான். ஒவ்வொரு பங்குனியும் ஆர்னேயின் குசினி மேசையில் மலைப்படத்தை விரித்துவைத்துத் திட்டம் போடுவோம். திட்டம் போடுவதில் எங்களை அடிக்க ஆளில்லை. கூடாரம் எந்த ஆற்றங்கரையில், காற்று மேற்கிலிருந்து வந்தால் எந்தப் பள்ளத்தால் ஏறுவது, பின்னந்தொடையை யார் சுமப்பது, மிளகாய்த்தூளை எதில் கட்டுவது, எல்லாம் முடிவாகும். ஆனியில் கடிதம் வரும், இல்லை என்று. முதல் இரண்டு வருடம் ஆர்னே தலைவர். மூன்றாம் வருடம் நான். என் பெயரில் விண்ணப்பித்த வருடம் காத்திருப்போர் வரிசையில்கூட இடமில்லை. நான்காம் வருடம் தவத்தின் பெயரைப் போட்டோம். அவன் மனைவி சுகந்தி விண்ணப்ப உறையைப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்து எடுத்தாள். மான் சுடப் பிள்ளையாரிடம் சிபாரிசு கேட்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அது இரண்டாயிரத்தேழு. அந்தப் பங்குனியில்தான் சண்டை படுவான்கரைக்கு வந்தது. தவத்தின் தாய் ஆற்றைக் கடந்து வந்து ஓர் அகதிமுகாமில் கூடாரத்துக்குள் இருந்தார். இரண்டு கிழமை லீவு போட்டுவிட்டுப் பார்த்துவரக் கிளம்பினான். போகாதே என்று சொல்லாத ஆள் இல்லை. நானும் சொன்னேன்.

"நோர்வேச் சிவப்புப் பாஸ்போர்ட் இருக்கு மச்சான். என்னை ஆரு தொடப்போறான்?" என்றான்.

கொழும்பிலிருந்து ஒருதரம் பேசினான். பஸ்ஸில் இருந்து இன்னொருதரம். பிறகு இல்லை. அதே பஸ்ஸில் வந்த ஒருவர் பிற்பாடு சொல்லி அனுப்பினார்: வழியில் சீருடை இல்லாத ஆட்கள் மறித்து இரண்டு பேரை இறக்கினார்கள், ஒருவர் வெளிநாட்டுக்காரர் போல இருந்தார், ஆள்பிடிக்கிற வெள்ளை வான் ஒன்று நின்றது. அவ்வளவுதான் இன்றுவரை எங்களுக்குத் தெரிந்தது.

சுகந்தி ஏறாத அலுவலகம் இல்லை. சில நாள் நான் கூடப்போவேன். மற்ற நாட்களில் ஒன்பது வயது மகள் அபிராமிதான் மொழிபெயர்ப்பாள். இந்த நாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகள் பலருக்கும் அந்த உத்தியோகம் உண்டு, மின்சாரக் கடிதம் தொடங்கி டொக்டர் வரைக்கும். அப்பாவைக் காணவில்லை என்று சுத்தமான நோர்வேஜியத்தில் அவள் சொல்வதைக் கேட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்களே குனிந்துகொள்வார்கள். தகவல் இல்லை, வந்தால் அறிவிப்போம் என்பார்கள்.

ஆனியில் ஒருநாள் சுகந்தி எனக்குப் போன் அடித்தாள். கடிதம் வந்திருக்கிறது, அபி பள்ளிக்கூடம் போய்விட்டாள், ஓடி வாருங்கள் என்றாள். ஓடினேன். உறையைக் கிழித்தேன். தவத்துக்கு வாழ்த்து, குலுக்கலில் உங்கள் குழு தெரிவாகியிருக்கிறது, ஒரு மான் சுட அனுமதி. பொய் சொல்லமாட்டேன், ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. மூன்று மாதமாகக் கண்ணீரும் அலுவலகமுமாக அலைந்ததில், ஒரு காரியமாவது ஒப்பேறட்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது எனக்கு. தவம் இதற்குத்தானே ஆசைப்பட்டான், அவன் வந்துவிட்டால் இறைச்சி இருக்குமே என்றெல்லாம் எனக்கு நானே நியாயம் சொன்னேன். தலைவர் வரமுடியாவிட்டால் அனுமதியைக் குழுவில் அடுத்தவருக்கு மாற்றலாம், அதற்கு ஒரு படிவம் இருந்தது. காரணத்துக்கு இரண்டே பெட்டி. ஒன்று நோய், அதற்கு டொக்டர் கடிதம் இணைக்க வேண்டும். மற்றது இறப்பு. அதை எடுத்துக்கொண்டு சுகந்தியிடம் போனேன். என்ன காரணம் எழுதப்போகிறீர்கள் என்று கேட்டாள். இருக்கிற பெட்டிகளைச் சொன்னேன். படிவத்தை என் பக்கமே தள்ளிவைத்தாள்.

"வாறதுக்குச் சுணங்கும் எண்டு எழுதுங்க அண்ணன்," என்றாள்.

தாமதம் என்று ஒரு பெட்டி இல்லை. வீட்டுக்கு வந்து, இறப்பு என்ற பெட்டியில் நானே புள்ளடி போட்டேன். எங்கேயோ ஒரு மலை அலுவலகம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். இறப்புக்கு அத்தாட்சி கேட்கமாட்டார்கள் என்றும் தெரியும். இந்த நாட்டில் எழுதிக்கொடுத்தால் நம்பிவிடுவார்கள். ஆர்னேயிடம், சுகந்தி சம்மதித்தாள், பெயர் மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

ஆவணியில் போனோம். மூன்று நாள் மூடுபனி, கூடாரத்துக்குள் ஈரக் காலுறையோடு கிடந்தோம். நாலாம் நாள் வானம் வெளித்தது. எதிர்ச்சரிவில் பத்துப் பன்னிரண்டு மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆர்னே என் தோளைத் தட்டி, நீ சுடு என்றார். சுட்டேன். மான் இரண்டடி நடந்து முழங்கால் மடித்து விழுந்தது. வயிற்றைக் கிழித்தபோது ஆவி எழுந்து கண்ணாடியை மறைத்தது. நாலு வருடத் திட்டம் அது, எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஆர்னே இறைச்சியை மூன்று குவியலாகப் பிரித்தார். சமமாக இருக்கிறதா என்று இரண்டு தரம் தூக்கிப் பார்த்தார். ஒன்று தவத்துக்கு என்றார். குழுவில் பெயர் இருந்தால் வராதவனுக்கும் பங்குண்டு, அது அவர்கள் வழக்கம்.

அந்தப் பங்கை ஒரு பையில் போட்டுக்கொண்டு மலையிலிருந்து வந்த அன்றே குரோருட்டில் தவத்தின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த சுகந்தியின் கையில் ஒரு கடிதம் இருந்தது. மேலே அந்த மலை அலுவலகத்தின் முத்திரை.

"இதுல என்ன எழுதியிருக்கு, வாசிங்க அண்ணன்," என்றாள்.

இரண்டே வரி. தங்கள் கணவரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். கீழே கையால் போட்ட ஒப்பம். யாரோ ஒரு நல்ல மனிதர், வெறும் படிவத்தோடு விட மனம் வராமல், விண்ணப்பத்தில் இருந்த விலாசத்துக்கு எழுதியிருக்கிறார். வாசித்துக் காட்டாமல் கடிதத்தை மடித்தேன்.

"பரவாயில்ல. அபி வாசிச்சிட்டாள். எனக்கு வாசிச்சுச் சொன்னதே அவள்தான்," என்றாள் சுகந்தி.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, புள்ளடி, நான் சொன்ன பொய். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவள் என் கையில் இருந்த பையைப் பார்த்தாள். என்ன அது என்று கேட்டாள். தவத்தின் பங்கு என்றேன்.

"செத்த வீட்டுல இறைச்சி ஆக்க மாட்டாங்க, தெரியுந்தானே. கொண்டாங்க, ஆக்குறன். இரிங்க, திண்டுட்டுத்தான் போகணும்."

வாசல் கதவைச் சாத்தவில்லை. பல்கணிக் கதவையும் திறந்துவிட்டாள். வெங்காயமும் பெருஞ்சீரகமும் தாளித்து, தூள் போட்டு, இறைச்சியைக் கொட்டினாள். வாசனை மாடிப்படி வழியே மேலும் கீழும் போயிற்று. அந்தக் கட்டடத்தில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள். தவத்தின் வீட்டில் இன்றைக்கு இறைச்சிக்கறி என்று எல்லோருக்கும் தெரியவேண்டும், அதுதான் அவள் எண்ணம். மூன்று சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டாள். இறைச்சி சரியாக வேகவில்லை, மென்று மென்று தாடை வலித்தது. அவள் ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அபி தொடாமல் இருந்தாள்.

"மாமா, அந்தக் கடிதம் பிழைதானே?" என்றாள்.

"ஓம் மகள். பிழை. மாமாதான் பிழையா எழுதினது."

அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாள். அவர் சாகவில்லை, வரச் சுணங்குகிறது என்று அலுவலகத்துக்கு எழுதச் சொன்னாள் சுகந்தி. அந்த மேசையிலேயே, எச்சில் கையைக் கழுவிவிட்டு எழுதினேன். ஆர்னேயிடமும் அடுத்தநாள் உண்மையைச் சொன்னேன். இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, மான் அடுத்த வருடமும் இருந்திருக்கும் என்றார். அதன்பிறகு அவர் குசினி மேசையில் மலைப்படம் விரியவில்லை. நானும் துப்பாக்கியை விற்றுவிட்டேன்.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. இடித்துவிட்டு மாடிவீடு கட்டியிருக்கிறார்கள். ஆர்னே வடக்கே தமக்கையிடம் போனவர், பிறகு இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். போர் முடிந்தபோது முகாம்களிலிருந்து வந்த பெயர்ப்பட்டியல்களைச் சுகந்தி ஒவ்வொன்றாகத் தேடினாள். நானும் பக்கத்தில் இருந்து விரலால் வரி வரியாகப் பார்த்தேன். கடைசிப் பட்டியலும் முடிந்த பிறகு அவள் குரோருட் வீட்டை விட்டு லில்லெஸ்ட்ரோமுக்குப் போனாள்.

புது வீட்டுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். படம் இல்லை, மாலை இல்லை, ஐயரைக் கூப்பிட்டுச் செய்த சடங்கும் இல்லை. சோறு, பருப்பு, கத்தரிக்காய், கீரை. அன்று வெள்ளிக்கிழமையும் அல்ல, விரதநாளும் அல்ல.

"இனி இந்த வீட்டுல மரக்கறிதான் அண்ணன்," என்றாள் சுகந்தி.

அபி எனக்கு எதிரே இருந்து தலைகுனிந்து சாப்பிட்டாள். என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கடிதம் பிழைதானே என்று கேட்க அந்த வீட்டில் இனி யாரும் இல்லை.