மேசை மார்க் சாரம்

இன்று கல்முனை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பிள்ளை, மடிக்கணினியில் ஒரே இலையைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். தேயிலைக் கம்பனி ஒன்றுக்காம்.

"பேரைப் பார்க்காமலே ஆக்கள் கம்பனியக் கண்டுபிடிக்கணும், மாமி."

எண்பதுகளில் எங்கள் வாப்பா செய்ததும் இதைத்தான். மருதமுனையில் இடுப்பில் உடுத்தும் யானை மார்க் சாரம் விற்றவர், சாரம் முழுக்க வரிசையாக யானை வரவேண்டுமென்று மர அச்சு ஒன்று செய்வித்தார். அந்த வருடப் பெருநாள் வியாபாரமே அதை நம்பித்தான்.

அச்சடித்த முதல் சாரத்தைப் பள்ளிவாசல் மௌலவி விரித்துப் பார்த்தார்.

"உசிருள்ள உருவம் போட்ட உடுப்போட தொழ ஏலாது, காக்கா."

"தலைய எடுத்துட்டா?"

மௌலவி ஒரு யானையின் தலையை விரலால் மறைத்துப் பார்த்தார். "தலை இல்லாட்டி அது உருவமில்ல."

வாப்பா மரம் அரியும் வாளை எடுத்து, அச்சிலிருந்த யானையின் தலையை அறுத்துவிட்டார்.

பெருநாள் முடிந்த கிழமை ஒருவர் கடைக்கு வந்தார்.

"எல்லாரும் உடுத்திருந்தாங்களே, அந்த மேசை மார்க் சாரம் இரிக்கா?"

"ஓம், இரிக்கி" என்ற வாப்பா, அன்றைக்கே பெயர்ப்பலகையை மாற்றி எழுதுவித்தார்.

உங்கள் வீட்டு அலுமாரியில் ஒன்று கிடந்தால் எடுத்துப் பாருங்கள். மேசைக்கு வால் இருக்கும்.