வேட்டுக்கு அசையாத நாய்

ராணுவத்திலிருந்த எங்கள் சித்தப்பா லீவு முடிந்து கிளம்பும்போது, தோப்பு வீட்டில் சித்தி தனியாக இருப்பாளே என்று ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளை வெளேரென்று, ரோஜா நிற மூக்கோடு இருக்கும். “இலை உதிர்ந்தாக்கூட எந்திரிச்சிரும்” என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டால் நான் நேரே அதனிடம்தான் போவேன்.

அந்தத் தீபாவளிக்கு அதன் பக்கத்திலேயே அணுகுண்டு வெடிக்க, குட்டி காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. “ஒரிஜினல் ராஜபாளையம்னா சும்மாவா! எம்புட்டு தைரியம்!” என்று ஊரே மெச்சியது. நான் என்னமோ நானே பெற்று வளர்த்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். சித்தி மட்டும் அதன் முதுகுப் பக்கம் நின்று தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தாள். காது அசையவே இல்லை.

“பொறவியிலேயே கேக்காது. வெள்ளைக் குட்டியில இப்படி உண்டு. விக்கவுகளுக்குத் தெரியாம இருக்காது” என்றார் கால்நடை டாக்டர்.

விற்றவர் கையை விரித்துவிட்டார். சித்தி விடுவாளா, ஸ்ரீவில்லிபுத்தூர் கன்சூமர் கோர்ட்டில் கேஸ் போட்டாள். ஜெயித்தால் குட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஆண்டாள் தாயே, எங்க சித்தி தோத்துரணும் என்று வேண்டிக்கொண்டேன்.

கோர்ட்டுக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தாள். விற்றவர் எழுந்து, “குட்டியத் தந்துட்டுத் துட்ட வாங்கிக்கிடட்டும், அய்யா” என்றார். நான் சித்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“ஏட்டி, செத்த நேரம் சும்மா இரு” என்றவள் எழுந்து நின்றாள். “குட்டியத் தரமாட்டேன் அய்யா, துட்டும் வேண்டாம். கேக்காத குட்டியக் கேக்காதுன்னு சொல்லியே விக்கேன்னு எழுதித் தரச் சொல்லுங்க. வேணுங்கவுக தெரிஞ்சே வாங்கிக்கிடுவாக.”

அப்படியே முடிந்தது. வர இருந்த துட்டையும் விட்டுவிட்டாளே கிறுக்கி என்று வீட்டில் சத்தம் போட்டார்கள். கிறுக்கியோ என்னவோ, என் குட்டி எனக்குக் கிடைத்துவிட்டது. கிழடாகிற வரைக்கும் எங்களோடுதான் கிடந்தது. சித்தி, நீ நல்லா இருக்கணும்.

அன்று திரும்பி வருகிற பஸ்ஸில், “நாம குடுத்திருந்தா அவுக என்ன பண்ணியிருப்பாக?” என்று கேட்டேன். சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “இந்த மாதிரிக் குட்டிகளச் செண்பகத்தோப்புக் காட்டுப் பக்கம் விட்டுட்டு வந்திருவாக” என்றாள்.

மலையும் ஓடையும் மரமுமாக எவ்வளவு நல்ல இடம், நம்ம குட்டிக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அங்கே சிறுத்தை இறங்கும் என்றோ, அது வருகிற சத்தம் எங்கள் குட்டிக்குக் கேட்காது என்றோ எனக்குத் தோன்றவேயில்லை.