நான் போட்ட ஜல்லி

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அவள் அறை காலியானது. ஹாலில் கிடக்கும் தையல் மெஷினை அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். கோவில்பதாகையில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு நான்தான் பிளவுஸ் தைக்கிறேன். டிவி முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் கணவர் எதிரில் நின்று அளவு கொடுக்க அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். அந்த அறைக்கென்று திரைத்துணிகூட வாங்கி வைத்துவிட்டேன். ஒரு சனிக்கிழமை ஆசாரி இரண்டு பெரிய பிளைவுட் பலகையோடு வந்து நின்றார். அறை ரயிலுக்குப் போய்விட்டது.

பொம்மை ரயில் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மாடல் என்று சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர் அவர். சம்பளம், போனஸ், என் கழுத்துச் சங்கிலி எல்லாம் கட்டைவிரல் அகலத் தண்டவாளமாக அந்தப் பலகைமேல் ஏறியது. இரண்டு எஞ்சின், எட்டுப் பெட்டி, அட்டையில் ஒரு ஸ்டேஷன். ஓடியது, நன்றாகத்தான் ஓடியது. ஆனால் மொட்டைப் பலகைமேல் ஆணியடித்த தண்டவாளம் பார்க்க அசிங்கமாக இருந்தது. நிஜத் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி கிடக்கிற மாதிரி இதற்கும் போட வேண்டும் என்றார்.

பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த கிரஷர் கல்தூளில் ஒரு வாளி கேட்டு வாங்கி வந்தார். ஸ்பூனால் அள்ளிக் கொட்டினார். வெள்ளைக் கோந்து பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிழிந்தார். கோந்து உருண்டை உருண்டையாகத் திரண்டு கல்லை இழுத்துக்கொண்டு தண்டவாளத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது. மறுநாள் எஞ்சின் இரண்டடி போய்க் கவிழ்ந்தது. பலகையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். "இந்த வேலையே வாணாம்" என்று டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் சொல்லாமல் நானாகத்தான் அதில் கை வைத்தேன். அதனால் பிறகு நடந்ததற்கு யாரையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. கண்ணெதிரே ஒரு வேலை அரைகுறையாகக் கிடந்தால் எனக்குத் தூக்கம் வராது. என் அறையைப் பிடுங்கிக்கொண்ட சனியன் ஒழுங்காகவாவது இருக்கட்டும் என்றும் நினைத்தேன். ஈரத்துணி போட்டு ஊறவைத்து அவர் ஒட்டியதை எல்லாம் சுரண்டினேன். தூளைக் கழுவிக் காயவைத்து மாவுச் சல்லடையில் ஒரு முறையும் டீ வடிகட்டியில் ஒரு முறையும் சலித்தேன். எஞ்சின் மோட்டாருக்கு இரும்புத்தூள் ஆகாது என்று அவர் எப்போதோ சொன்னது ஞாபகம் இருந்தது. காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றித் தூளின்மேல் ஓட்டினேன்.

போடுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. முப்பது வருஷமாக வாசலில் கோலம் போடுகிற கை. இரண்டு விரலால் கிள்ளி இழுத்தால் எத்தனை கல் விழ வேண்டுமோ அத்தனைதான் விழும். தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளுக்கு நடுவில் நிரப்பி, இரண்டு பக்கமும் சரிவு விட்டு, கட்டைகளின் தலையை மேக்கப் பிரஷ்ஷால் துடைத்துவிடுவேன். ரயில் தடம் மாறுகிற பாயிண்ட் பக்கம் ஒரு கல்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டேன். கோந்துதான் சண்டித்தனம் செய்தது. தண்ணீர் கலந்து சொட்டினாலும் காய்ந்த கல்மேல் முத்து முத்தாக நின்றது. ஒரு மத்தியானம் எண்ணெய்ச் சட்டி கழுவும்போதுதான் பொறி தட்டியது. பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு முதலில் கல்லின்மேல் தெளித்து நனைத்தேன். பிறகு காது மருந்து ஃபில்லரால் கோந்தைச் சொட்டினேன். சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. அன்று நான் தனியாக நின்று சிரித்தேன்.

மூன்று மாதம் ஆனது. அவர் ஷிப்டுக்குப் போனதும் குனிந்தால் அவர் வருவதற்குள் நிமிர்வேன். அவர் வந்து ரயிலை ஓட்டிப் பார்ப்பார், ஃபோட்டோ எடுத்து ரயில் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். நீதான் போட்டாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், அது எனக்கே தெரியும். வேறு யாரிடமாவது ஒரு தடவை, இதை என் சம்சாரம் போட்டாள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். வேறெதுவும் நான் கேட்கவில்லை. அறையைக்கூட விட்டுவிட்டேன்.

அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தக் குழு கண்காட்சி வைத்தது. பலகைகளை மினி வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டேன், ஏன் கட்டினேன் என்று எனக்குத் தெரியும். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ரிட்டையரான ஒரு பெரியவர் எங்கள் பலகை முன்னால் வந்து நின்றவர் நகரவே இல்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஓடுகிற ரயிலை அவர் பார்க்கவில்லை.

"ஜல்லி யாரு போட்டது?" என்றார்.

"நான்தாங்க. மூணு மாசம். முதுவே போச்சு" என்றார் என் கணவர்.

சாப்பாட்டுப் பையோடு நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். பெரியவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஒரு முறை போட்டுக் காட்டச் சொன்னார். இவரும் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் டைரியும் பேனாவுமாக அடுப்படிக்கு வந்தார். "இந்தா மே, அந்த ஜல்லிய எப்டிப் போட்டே, சொல்லு."

சொன்னேன். சல்லடை, காந்தம், கிள்ளி இழுப்பது, பிரஷ், கோந்துக்கு எவ்வளவு தண்ணீர், எல்லாம் சொன்னேன். அவர் ஒழுங்காக எழுதிக்கொண்டார். லிக்விடையும் முதலில் நனைப்பதையும் சொல்லவில்லை. மறந்துபோய் விடவில்லை.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான்."

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது லிக்விடைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். கடைசி நிமிஷத்திலாவது, வா, நீயே போட்டுக் காட்டு என்று சொன்னால் வெளியே எடுத்துவிடலாம் என்றிருந்தேன். வழி முழுக்க, ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து, டைரியைத்தான் படித்துக்கொண்டு வந்தார்.

குழு கூடிய இடத்தில் ஒரு துண்டுத் தண்டவாளத்தைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். விரலால் கிள்ளியபோதே கல் குவியல் குவியலாக விழுந்தது. பிரஷ்ஷால் எப்படியோ சரிக்கட்டினார். பிறகு ஃபில்லரை எடுத்தார். நான் பைக்குள் கைவிட்டு அந்த பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோந்து முத்து முத்தாக உருண்டது, கல்லைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தில் ஏறியது. அவர் நெற்றி வியர்த்தது. யாரோ இருமுகிற மாதிரி சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. அடுத்த நிமிஷமே அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"மொதல்ல நனைக்கலையா?" என்று பெரியவர் தன்மையாகக் கேட்டார்.

என் கணவர் நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினார். கையைக் காட்டினார்.

"இவதாங்க எனக்குச் சொல்லிக் குடுத்தா. இவ சொன்னத அப்டியே செஞ்சேன்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அன்றுதான் அவர் முதல் தடவையாக அந்த ஜல்லியையும் என்னையும் சேர்த்து நாலு பேருக்கு முன்னால் பேசினார். எனக்கு வேலை தெரியும் என்று காட்ட வேண்டுமானால் பாட்டிலை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் வேண்டுமென்றே மறைத்தேன் என்பதும் வெளியே வந்துவிடும். பெரியவர், "அப்டியாம்மா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் என் கணவரின் தோளைத் தட்டி, உங்க இஷ்டத்துக்குப் போட்டபோது எவ்வளவு அழகாக வந்தது, ஏன் இப்போது அடுத்தவர் பேச்சைக் கேட்டீர்கள் என்றார்.